மழையின் நட்டம் யார் தலையில்?

(தூத்துக்குடியில் 2025 ஜனவரியில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டத்தில், பேவர் பிளாக் பதிக்கும் சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "பெரிய விஷயமெல்லாம் வேண்டாம் அண்ணே, உங்க வேலையைப் பத்தி மட்டும் சொல்லுங்க, அதுவும் மழைக்காலத்துல எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்றார். வேலையைப் பற்றி மட்டும்தான் சொல்லப் போகிறேன். அதைச் சொன்னாலே சாதி வந்துவிடும். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் பேவர் பிளாக் பதிக்கிறவன். தெரு, பள்ளிக்கூட வளாகம், பெட்ரோல் பங்க், பூங்கா நடைபாதை என்று எங்கே கல் பதிக்கச் சொன்னாலும் போவோம். கூடவே பூங்காவில் புல் போடுவது, செடி வைப்பது, சாலை நடுவே அரளி வைப்பது என்று அந்த வேலையும் பார்க்கிறோம். வாயால் சொல்லும்போது ஒப்பந்தக்காரர் என்பார்கள். காகிதத்தில் என் பெயர் எங்கேயும் இருக்காது. டெண்டர் எடுக்கிறவர் ஒருவர். அவரிடமிருந்து வாங்கிச் செய்கிற சப்-காண்ட்ராக்டர் நான். எனக்குக் கீழே மேஸ்திரி, கல் பதிக்கிறவர், கையாள், சித்தாள். இந்த ஏணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: மழை எல்லாருக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது. ஆனால் அந்த மழையால் வரும் நட்டம், இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நிற்கிறவர் தலையில் போய் நிற்கிறது. கடைசிப் படியில் யார் நிற்கிறார் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது.

முதலில் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். தெருவில் கல் பதித்திருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேலே தெரிவது கல் மட்டும். அதற்குக் கீழேதான் வேலையே இருக்கிறது. மண்ணைத் தோண்டி, மட்டம் பார்த்து, ஜல்லிக் கலவை கொட்டி, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை அங்குல அளவுக்கு எம்-சாண்ட் அல்லது குவாரித் தூள் விரித்து, மட்டப்பலகை வைத்து இழுக்க வேண்டும். இரண்டு ஓரமும் கெர்ப் கல் வைத்து, நூல் கட்டி, நூல் பிடித்தே கல்லை வரிசையாகப் பதிக்க வேண்டும். ஓரத்தில் முழுக் கல் உட்காராத இடத்தில் கட்டரில் வெட்டிப் பொருத்த வேண்டும். கடைசியாகக் காய்ந்த மணலைத் தூவி, இடுக்குகளில் கூட்டித் தள்ளி, கம்பாக்டர் ஓட்டினால்தான் கல் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்.

காய்ந்த மணல் என்று சொன்னேன். அதுதான் முக்கியம். ஈர மணல் இடுக்கில் இறங்காது. நனைந்த படுக்கையில் கல் வைத்தால், வண்டி ஏறியதும் கீழே இருக்கிற மணல் சேறாகி மேலே பீய்ச்சும். ஒரு வாரத்தில் கல் பள்ளமாகும். பாதி பதித்த தெருவில் இரவு மழை கொட்டினால், காலையில் கீழே இருக்கிற மணலை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருக்கும். கல் மிதந்து கிடக்கும். அதனால் மழைக்காலத்தில் இந்த வேலை மந்தமாகும் என்று சொல்ல முடியாது, நின்றே போகும்.

நம் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. அக்டோபர், நவம்பர், டிசம்பர். வருடத்து மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில் விழுந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் புழுதியும்தான். அந்த வெயிலில்தான் இந்த ஊரின் உப்பே விளைகிறது. நமக்குக் குளிர்காலம் என்றால் பனி கிடையாது, மழையும் சேறும்தான். மார்கழி விடியற்காலையில் கல்லைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். ஒன்பது மணி வரைக்கும் மணல் காயாது.

அந்த நாட்களில் எங்கள் காலை எப்படி விடிகிறது என்று சொல்கிறேன். ஆறு மணிக்கு முக்கில் கூடுவோம். எல்லார் கையிலும் போன். காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது, குமரிக்கடல் பக்கமா, இலங்கைப் பக்கமா என்று பார்ப்போம். வேலை உண்டா இல்லையா என்பதை அந்தப் படம்தான் சொல்லும். மேகம் இருண்டிருந்தால் ஒன்பது மணி வரை காத்திருப்போம். அந்தக் காத்திருப்புக்குக் கூலி கிடையாது. பஸ்ஸில் வந்த காசும் டீக் காசும் அவரவர் கைக்காசு. வேலை தொடங்கி மதியம் மழை வந்தால், பதித்த சதுர அடிக்கு மட்டும்தான் பணம். அன்று பதித்தது இரவு மழையில் புரண்டு போனால், மறுநாள் அதைப் பிரித்துத் திரும்பப் பதிக்க வேண்டும். அதற்கு யாரும் பணம் தருவதில்லை. ஒரே தெருவை இரண்டு தடவை போட்டுவிட்டு ஒரு தடவைக்கான காசு வாங்குகிற வேலை உலகத்தில் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் உடம்பு என்ன பாடு படுகிறது என்றும் சொல்ல வேண்டும். 80 மி.மீ. கனமுள்ள கல்லில் 100 சதுர அடி என்றால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் டன் எடை. நாலு பேர் கொண்ட ஒரு செட் ஒரு நாளில் 400 சதுர அடி பதித்தால், ஏழு டன் கல் அவர்கள் கை வழியாகப் போயிருக்கிறது. லாரியில் இருந்து இறக்குவது ஒரு தடவை, இடத்துக்குச் சுமப்பது ஒரு தடவை, பதிப்பது ஒரு தடவை. நாள் முழுக்கக் குத்தவைத்தே வேலை. நாற்பது வயதில் முழங்கால் போய்விடும். கல்லை வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். பல இடங்களில் தண்ணீர் கிடைக்காது, காய வெட்டுவார்கள். அப்போது பறக்கிற வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. மழைக்காலத்தில் தூசி குறையும், ஆனால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். ஈர சிமெண்ட் பட்டுப் பட்டு உள்ளங்கை வெந்து தோல் உரியும். அந்தக் கையோடு வீட்டில் சோறு பிசைந்து சாப்பிட முடியாது, ஸ்பூனில் சாப்பிடுவார்கள்.

எல்லா வேலையும் மழையில் நிற்கும் என்று நினைக்காதீர்கள். செடி வைக்கிற வேலைக்கு இதுதான் காலம். பூங்காக்களில் செம்மண் பரப்பி, கொரியன் புல் பதித்து, கன்று நடுவதை மழையோடு செய்தால்தான் வேர் பிடிக்கும். அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெண்களை. குனிந்தபடி ஈர மண்ணில் நாள் முழுக்கப் புல் பதிக்கிற பெண்ணுக்கு, வெயில் காலத்தில் கல் பதிக்கிற ஆணுக்குக் கிடைக்கிற கூலி கிடையாது. "லேசான வேலைதானே" என்பார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெண் செய்கிற வேலைக்கெல்லாம் "லேசான வேலை" என்று பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் கிட்டேயே வராது. வீட்டில் ஆணுக்கு வேலையில்லாத மூன்று மாதம், பெண்ணின் அந்தக் குறைந்த கூலியில்தான் அடுப்பு எரிகிறது.

இன்னொரு வேலையும் மழைக்காலத்தில்தான் வரும். சாக்கடை அடைத்துக்கொள்ளும். தெருவில் தண்ணீர் நிற்கும். அப்போது போன் வரும்: "உங்க ஆளுங்க சும்மாதானே இருக்காங்க, ரெண்டு பேரை அனுப்புங்க, அடைப்பு எடுக்கணும்." எல்லா ஆட்களையும் கேட்க மாட்டார்கள். எந்தத் தெருக்காரர் என்று தெரிந்துதான் கேட்பார்கள். கல் பதிக்கிறவர் திறமைக்காரர், நூல் பிடித்து மட்டம் பார்க்கிறவர். மழை வந்ததும் அவர் தொழில் மறந்து போகிறது, சாதி ஞாபகத்துக்கு வருகிறது. மனிதரைக் கொண்டு மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. எங்கள் செட்டில் இருந்து யாரையும் அந்த வேலைக்கு அனுப்புவதில்லை என்பது நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து எடுத்த முடிவு. அதனால் சில வேலைகள் எங்களுக்கு வராமல் போயிருக்கின்றன. போகட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம். ஊருக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், நாங்கள் பதித்த தெருக்களில் கல் பெயர்ந்து குவிந்து கிடந்தது. அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கி, சேறு கழுவி, அடுக்கி வைத்தது யார்? வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, ரேஷன் அரிசி ஊறிப்போய், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்த அதே ஆட்கள்தான். தாழ்வான இடத்தில்தானே நமக்கு மனை ஒதுக்குகிறார்கள். தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான், கடைசியில் வடிவதும் அங்கேதான். பேவர் பிளாக் கடைசியில் வருவதும் அங்கேதான்.

இப்போது ஏணிக்கு வருகிறேன். மழை பெய்தால் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது?

மேல் படியில் டெண்டர் எடுத்தவர். மழையால் வேலை நின்றால் அவர் ஒரு கடிதம் எழுதுவார், கால நீட்டிப்பு கிடைக்கும். அது நியாயம்தான், மழைக்கு அவர் என்ன செய்வார்? அடுத்த படியில் நான். கம்பாக்டருக்கும் கட்டருக்கும் மாதத் தவணை கட்ட வேண்டும். எனக்குக் கால நீட்டிப்புத் தர யாரும் இல்லை. வட்டிக்கு வாங்குவேன். எனக்குக் கீழே மேஸ்திரி, என்னிடம் முன்பணம் கேட்பார். அவருக்குக் கீழே கல் பதிக்கிறவர், மேஸ்திரியிடம் கேட்பார். தீபாவளிக்கு ஒரு தொகை, கார்த்திகையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தொகை. ஜனவரியில் வேலை தொடங்கும்போது அந்தக் கடன் கூலியில் கழியும். கடன் இருக்கும்வரை அவர் வேறு மேஸ்திரியிடம் போக முடியாது, கூலி கூட்டிக் கேட்கவும் முடியாது. மூன்று மாத மழை, ஒன்பது மாதத்துக்கு ஆளைக் கட்டிப்போடுகிறது.

ஜனவரியில் என்ன நடக்கும்? மார்ச் 31க்குள் நிதியாண்டு முடிய வேண்டும், பில் போட வேண்டும். அதனால் பொங்கல் முடிந்ததும் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து விழும். ஹாலஜன் விளக்கு கட்டி இரவெல்லாம் பதிப்போம். மார்கழியில் பட்டினி கிடந்த அதே உடம்பு, மாசியில் தூங்காமல் கிடக்கும். அரசாங்கத்தின் காலண்டரும் மழையின் காலண்டரும் சேர்ந்து எங்கள் முதுகில் ஏறுகின்றன.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. என் அப்பா உப்பளத் தொழிலாளி. உப்பளத்திலும் அக்டோபரில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். கடல் கொந்தளித்தால் மீன்பிடித் தொழிலாளர்களும் கரையில்தான் இருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முக்குக்கு வருகிறோம். வேலை இல்லாத மாதத்தில்தான் வேலை தேடுகிறவர்கள் அதிகம். கூலி குறைகிறது. அப்போது சிலர், "வடக்கே இருந்து வந்தவனாலதான் நமக்கு வேலை இல்ல" என்று பேசுவார்கள். தோழர்களே, ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்திருக்கிற அந்தப் பையனும் மழை நாளில் தகரக் கொட்டகையில் பட்டினி கிடக்கிறவன்தான். அவன் ஊரில் அவனை எந்தத் தெருவில் வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தொழிலாளர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கி வைக்கிற ஏற்பாடுதான் சாதி என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். அந்த அடுக்கில் நமக்குக் கீழே ஒரு படி தேடிக் கண்டுபிடிக்கிற வேலையை நாமே செய்யக் கூடாது.

சரி, நீங்கள் கேட்கலாம்: "அண்ணே, இத்தனை வருஷ அனுபவம் இருக்கே, நீங்களே டெண்டர் எடுக்க வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்ய சொத்து மதிப்புச் சான்று வேண்டும். சொத்து இருந்தால்தான் வட்டாட்சியர் தருவார். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்க விடாத சாதியில் பிறந்தவனுக்குச் சொத்து எங்கிருந்து வரும்? விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த இலவச மனைப் பட்டாவை வைத்து என்ன மதிப்புக் காட்ட முடியும்? அடுத்தது, முன்அனுபவச் சான்று. நான் போட்ட தெருக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் எத்தனையோ கிலோமீட்டர் வரும். ஆனால் அவை எல்லாம் இன்னொருவர் பெயரில் போட்டவை. காகிதப்படி எனக்கு அனுபவமே கிடையாது. அடுத்தது வைப்புத்தொகை. அடுத்தது, வேலை முடிந்து பில் பாஸாகும் வரை தாங்குகிற கைமுதல். சாதி பார்த்து யாரையும் விலக்கவில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். படிவத்தில் சாதி என்ற கட்டமே இல்லை. சொத்து என்ற கட்டம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

படிப்பிலும் அரசு வேலையிலும் நமக்கு இடஒதுக்கீடு இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வந்தது. ஆனால் அரசு வேலைவாய்ப்பு சுருங்கி, அரசு செய்கிற காரியமெல்லாம் ஒப்பந்தமாக மாறிக்கொண்டிருக்கிறது. ரோடு, பூங்கா, குப்பை, காவல் என எல்லாமே டெண்டர். 2017 ஜூனில் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்த பிறகு ஊரே மாறியது. பூங்கா வந்தது, நடைபாதை வந்தது. நல்லதுதான். அந்தப் பணம் யார் வழியாக யாருக்குப் போனது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இடஒதுக்கீடு ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தது, டெண்டர் பெட்டிக்குள் இன்னும் வரவில்லை.

வர முடியாத காரியமா அது? கர்நாடகத்தில் 2017இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுப் பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்தக்காரர்களுக்கு 24.1 விழுக்காடு ஒதுக்கினார்கள். 2023இல் அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். சமூகநீதி பேசுகிற தமிழ்நாட்டில் ஏன் அப்படி ஒன்று இல்லை? தெருவுக்குக் கல் பதிப்பது போன்ற சின்ன வேலைகள்தான் நம்மால் முதலில் எடுக்க முடிகிற வேலைகள். அதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் நான் ஒருவன் டெண்டர் எடுத்து, எனக்குக் கீழே இருக்கிறவர்களை அதே மாதிரி நடத்தினால் அதனால் என்ன பயன்? ஏணியில் ஆள் மாறும், ஏணி மாறாது. அதற்கும் பக்கத்து மாநிலத்தில் ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில், வடகரைப் பக்கம், 1925இல் கூலித் தொழிலாளர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் ஆத்மவித்யா சங்கத்தில் சேர்ந்து, சாதிக்கும் மூடப்பழக்கத்துக்கும் எதிராக நின்றவர்கள். அதனால் அங்கிருந்த நிலவுடைமையாளர்கள் அவர்களுக்கு வேலை தர மறுத்தார்கள். வேலை தராவிட்டால் என்ன, நாமே வேலை எடுப்போம் என்று தொடங்கியதுதான் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். இந்த ஆண்டு அதற்கு நூறு வயது. இன்று கேரளத்தில் சாலையும் பாலமும் கட்டுகிறது, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். வேலை செய்கிறவர்களே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாதி ஒழிப்பில் பிறந்த ஒரு ரோடு காண்ட்ராக்ட் கம்பெனி! இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் கடற்கரையிலும் பங்கு என்பது புதிதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூழ்கினவருக்கு எடுத்த சிப்பியில் ஒரு பங்கு உண்டு. இங்கே 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை, முத்துநகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. மன்னர்களும் வெள்ளைக்காரர்களும் சுரண்டிய அந்தத் தொழிலில்கூட மூழ்கினவருக்குப் பங்கு இருந்தது. இன்று முத்துநகர் என்று பலகை வைத்த பூங்காவுக்குக் கல் பதிக்கிறவருக்கு அதுகூட இல்லை.

கூட்டுறவுச் சங்கம் நாளைக்கே வந்துவிடாது. அடுத்த மழைக்கு முன்னால் செய்யக்கூடியது என்ன? மழைக்கால நிவாரணம். இது பிச்சை கேட்பதில்லை, கணக்கு கேட்பது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்கு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் 2022இல் இருந்து தமிழ்நாடு அரசு தருகிறது. தொழிலாளர்கள் பல காலம் கேட்டுக் கேட்டு வாங்கியது அது. தொகை போதாது, ஆனால் இயற்கையால் வேலை நின்றால் அதன் நட்டத்தில் அரசுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டார்கள். அதே மழைதான் எங்கள் மேலும் பெய்கிறது. உப்புப் பாத்தியில் விழுந்தால் நிவாரணம், மணல் படுக்கையில் விழுந்தால் இல்லையா?

பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் எங்கள் பில்லிலேயே இருக்கிறது. கட்டுமான வேலைகளின் மதிப்பில் 1 விழுக்காட்டைத் தொழிலாளர் நல வரியாகப் பிடிக்கிறார்கள். 1996இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டங்களின்படி பிடிக்கிற பணம் அது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. அதாவது நாங்கள் பதிக்கிற ஒவ்வொரு நூறு ரூபாய் வேலையிலும் ஒரு ரூபாய் எங்களுக்கென்று ஏற்கெனவே எடுத்து வைக்கப்படுகிறது.

அந்த நிதியில் இருந்து வேலை நின்ற நாட்களுக்குப் பணம் தர முடியுமா? முடியும். டெல்லியில் தருகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் புகைமூட்டம் அதிகமானால் கட்டுமான வேலைக்குத் தடை போடுவார்கள். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தடைக்காலத்துக்கான பிழைப்பூதியத்தைத் தொழிலாளர் நல வரி நிதியில் இருந்து கொடுங்கள் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு டெல்லி அரசு பதிவுபெற்ற தொழிலாளருக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. இந்தக் குளிர்காலத்தில் 8,000 ரூபாய் தர வேண்டும், முழுசாகக் கொடுத்தீர்களா என்று நீதிமன்றம் அரசைக் கேட்டிருக்கிறது. டெல்லியின் குளிர்காலம் புகை, நம் குளிர்காலம் மழை. வேலை நின்றால் வயிறு ஒன்றுதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வாரியத்தில் பதிவு இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். சட்டப்படி முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் போதும். கல் பதிக்கிறவர்கள் அதைவிட அதிகமாகவே செய்கிறார்கள். ஆனால் வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, நேற்று ஒருவரிடம் வேலை, இன்று இன்னொருவரிடம். புல் பதிக்கிற பெண்களைக் கட்டுமானத் தொழிலாளி என்று யாரும் நினைப்பதே இல்லை. பதிவு செய்தவர்களும் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆன்லைன், ஓடிபி, ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று அலைந்து, ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

இங்கேதான் உங்களிடம் வருகிறேன். நீங்கள் படித்த பிள்ளைகள். இரண்டு வேலை கேட்கிறேன். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லேப்டாப்போடு எங்கள் தெருக்களுக்கு வாருங்கள். பதிவு இல்லாதவர்களுக்குப் பதிவு, காலாவதியானவர்களுக்குப் புதுப்பிப்பு. பெண்களை முதலில் பதியுங்கள். வெளிமாநிலத் தோழர்களையும் சேருங்கள். இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நம் ஊரில் நடந்த ஒவ்வொரு பேவர் பிளாக் வேலையிலும் எவ்வளவு நல வரி பிடிக்கப்பட்டது, மழைக்காக எத்தனை நாள் கால நீட்டிப்புக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அத்தனை நாள் ஒப்பந்தக்காரருக்கு வேலை இல்லை என்று அரசே ஒத்துக்கொண்டால், அத்தனை நாள் தொழிலாளிக்கும் வேலை இல்லை என்றுதானே பொருள்? நமக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

கூலி பாக்கிக்கும் வழி இருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில், அந்தச் சட்டத்துக்குள் வருகிற வேலைகளில், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று இருக்கிறது. அதற்கும் பெயர் எழுதிய பதிவேடு வேண்டும். என் செட்டில் இந்த மாதத்தில் இருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். தேதி, பெயர், எத்தனை சதுர அடி, மழை நாள் எது, காத்திருந்த நேரம் எவ்வளவு. எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. என் மேலேயே கேள்வி கேட்க அந்த நோட்டு உதவும் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறேன்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மத்தியப் பொதுப்பணித் துறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அரசியல் சட்டம் எழுதியவர் என்று மட்டும் நாம் அவரைப் படிக்கிறோம். ரோடு போடுகிறவர்களின் கூலி, வேலை நேரம், நல நிதி எல்லாமே அவர் மேசைக்கு வந்த விஷயங்கள்தான். நம் இயக்கத்தின் மேசைக்கும் அவை வர வேண்டும். 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கிய ஊர் இது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இந்த ஊருக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த அக்டோபருக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. மழை நேரத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் நம் பதிவும் கணக்கும் கோரிக்கையும் தயாராக இருக்க வேண்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் பதிவு முகாம், எங்கள் தெருவில். டீ எங்கள் செலவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான்.